காப்பாட்சியர் ஒருவரின் வாழ்க்கையை எழுதும் முறை: ஆனந்த குமாரசுவாமியை முன்வைத்து

அருங்காட்சியகக் காப்பாட்சியர் ஒருவரைப் பற்றி எழுத முனைவோர் பிறப்பில் தொடங்கி நூற்பட்டியலில் முடித்துவிடுகின்றனர். அவர் வாழ்நாளெல்லாம் கையாண்ட பொருள்கள் அக்கட்டுரைக்குள் வருவதே இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்திய, இசுலாமியக் கலைகள் இரண்டையும் பேணிய ஆனந்த குமாரசுவாமியைக்கூட நாம் நடராசர் தத்துவம் எழுதியவராக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். ஆகவே பொருள்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் ஒவ்வோர் ஓவியத்துக்கும் பதிவு எண்ணும், அது யாருடைய தொகுப்பிலிருந்து வந்தது என்ற குறிப்பும் உண்டு. அக்காலப் பதிவு எண்களின் முதல் இரண்டு இலக்கங்கள் பொருள் வந்து சேர்ந்த ஆண்டைக் காட்டும். 17 என்று தொடங்கி, 'ராஸ்-குமாரசுவாமி தொகுப்பு' என்ற குறிப்பும் இருந்தால், அது குமாரசுவாமி திரட்டி, அருங்காட்சியக அறங்காவலரான டென்மன் ராஸ் வாங்கி 1917-இல் அருங்காட்சியகத்துக்கு அளித்த ஓவியம் என்று கொள்ளலாம். குமாரசுவாமி அங்கே பணியேற்றதும் அதே ஆண்டில்தான். 14 என்று தொடங்கும், விக்டர் கோலுபேவ் என்பவர் திரட்டிய கோலுபேவ் தொகுப்பின் பாரசீக, முகலாய ஓவியங்களோ அவர் வருவதற்கு முன்பே அங்கு இருந்தவை. இராசத்தானிலும் இமயமலைச் சாரலிலும் இருந்த இந்து அரசுகளில் தோன்றிய இராசபுத்திர ஓவியங்களை அவர் கொண்டுவந்தார். இசுலாமிய ஓவியங்கள் அவர் பொறுப்புக்கு வந்து சேர்ந்தன. ஒரு காப்பாட்சியரின் வாழ்வை விளக்க இதைவிடப் பயனுள்ள பாகுபாடு எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, கருத்துகளை ஆண்டு வாரியாக அடுக்குங்கள். 1916-இல் வெளிவந்த இராசபுத்திர ஓவியம் பற்றிய நூலில் அவர் அவ்வோவியத்தைச் சமயமும் மக்கள் மரபும் சார்ந்ததாகவும், முகலாய ஓவியத்தை அரசவை சார்ந்ததாகவும் கூர்மையாகப் பிரித்தார். பின்வந்த ஆய்வாளர்கள் இரண்டுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலைக் காட்டி அந்தச் சுவரைப் பெரிதும் தளர்த்திவிட்டனர். அந்த ஒரு நூலை மட்டும் படிப்பவர் அவருக்கு முகலாயக் கலையில் அக்கறையே இல்லை என்று முடிவு கட்டக்கூடும். ஆனால் 1924-இல் இடைக்கால இசுலாமியப் பொறியாளர் அல்-ஜஸரியின் நீர்க்கடிகாரங்களும் தானியங்கிப் பொறிகளும் வரையப்பட்ட ஏடுகளைப் பற்றி அவர் தனி நூல் எழுதினார். 1929-இல் கோலுபேவ் தொகுப்புக்கும் 1930-இல் முகலாய ஓவியங்களுக்கும் விளக்கப் பட்டியல்கள் தந்தார். ஒருவர் நிலைநாட்ட விரும்பிய கொள்கையும் அன்றாடம் செய்த பணியும் எங்கே விலகுகின்றன என்பது இப்படி அடுக்கினால்தான் புலப்படும்.

இளமைக்காலத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1877-இல் கொழும்பில் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயரான எலிசபெத் பீபிக்கும் பிறந்து, இரண்டு வயதாகுமுன் தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தவர். ஆனால் அவர் நிலவியல் பயின்று இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்ததைத் துணுக்குச் செய்தியாக ஒதுக்கிவிடாதீர்கள். இராசபுத்திர ஓவியத்தை இராசத்தானி, பஹாடி (மலைநாட்டு ஓவியம்) என வகைபிரித்த கையில் அந்தப் பயிற்சியின் தடம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

தொகுப்பு நாட்டைவிட்டு வெளியேறிய கதையை எழுதும்போது நிதானம் தேவை. காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமையுமானால் தம் தொகுப்பை அதற்குத் தர அவர் முன்வந்தார்; அது கைகூடவில்லை. அந்த ஓவியங்கள் இன்று பாஸ்டனில் இருப்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் அவர் தியாகியாகவோ வணிகராகவோ திரிந்துவிடுவார்.

1933-இல் அவருடைய பதவி இந்திய, பாரசீக, இசுலாமியக் கலைகளுக்கான ஆய்வாளர் என்று மாறியதையும், அதன் பின்னர் எழுத்து மெய்யியல் பக்கம் மேலும் சாய்ந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்; ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எழுதுவதற்கு முன் கடிதங்களைப் படிக்க வேண்டும். குடும்பத்தின் ஆவணங்கள் பிரின்சுடன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. 1947 செப்டம்பரில் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட புகழுரைகளை அங்கே தேடுவதைவிட, 1917-க்கும் 1933-க்கும் இடைப்பட்ட அலுவல் கடிதங்களை முதலில் கேட்டுப் பெறுவது நல்லது.