கன சனல் இருக்கிற ரியூப் அம்ப் கைக்கு வந்தா எங்க தொடங்கிறது

மூண்டு நாலு சனல் இருக்கிற ரியூப் அம்ப், அதான் கண்ணாடி ரியூப்பில வேலை செய்யிற கிற்றார் அம்ப், ஒண்டு வீட்டுக்கு வந்தவுடன எல்லாருக்கும் லீட் சனலைப் போட்டு கரகரப்பைக் கூட்டிற கெயின் நொப்பை முழுக்கத் திறந்து பாக்கத்தான் கை துடிக்கும், ஆசைதானே, ஆனா அம்பைப் படிக்கோணுமெண்டா அது கடைசியாத் தொட வேண்டிய இடம். முதல் கரகரப்பில்லாத கிளீன், பேந்து கொஞ்சம் கரகரக்கிற கிரன்ச், பேந்துதான் சோலோவுக்குப் போடுற லீட். ஒவ்வொரு சனலும் நீங்க உண்மையா வாசிக்கப் போற சத்தத்தில என்ன செய்யுது எண்டதைக் காதால பிடிக்கோணும். ஆனா அதுக்கும் முதல் கரண்ட் விஷயம் இருக்கு, அதை விட்டா மிச்சம் ஒண்டும் இல்லை.

வன்னிக்கு வாற அம்ப் கனக்க வெளிநாட்டில இருக்கிற மாமா சித்தப்பா ஆரும் கப்பல் பெட்டியில போட்டு அனுப்பினதாத்தான் இருக்கும். லண்டன், ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸ் எண்டா அங்கயும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்தான், பிரச்சினை இல்லை. கனடா எண்டா கவனம், அங்க 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். அதைக் கொண்டுவந்து எங்கட பிளக்கில நேர கொழுவினா ஃபியூஸ் பறக்கிறதோட தப்பினாப் புண்ணியம், இல்லாட்டி ட்ரான்ஸ்ஃபோமரே எரியும். பின்பக்கத் தகட்டில எழுதியிருக்கும், கொழுவ முதல் அதை வாசியுங்கோ. சில அம்பில வோல்ற் மாத்திற சுவிச் இருக்கும், இல்லாததுக்கு வோல்ற்றை இறக்கிற ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வேணும். 40 வாட்ஸ் அம்ப்தானே எண்டு சின்னதா ஒண்டு வாங்காதேங்கோ, 40 வாட்ஸ் எண்டது ஸ்பீக்கருக்குப் போறது, சுவரில இருந்து அது இழுக்கிறது அதைவிட எத்தினையோ மடங்கு, பின்னால போட்டிருக்கிற அளவைப் பாத்து அதிலயும் ரெண்டு மடங்கா எடுங்கோ. இன்னொண்டு, ஸ்ரெப் டவுன் வோல்ற்றைத்தான் இறக்கும், ஹேர்ட்ஸை மாத்தாது. தகட்டில 50/60 எண்டு இருந்தா நிம்மதி, 60 மட்டும் எண்டா உள்ள இருக்கிற ட்ரான்ஸ்ஃபோமர் கூடுதலாச் சுடும், எதுக்கும் தெரிஞ்ச ஆளிட்ட ஒருக்கா காட்டிப்போட்டு கொழுவுங்கோ.

எர்த் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்லுறன். கிற்றார் கம்பி, பிரிட்ஜ், கேபிள், அம்பின்ர உடம்பு எல்லாம் ஒண்டோட ஒண்டு தொடுத்துத்தான் இருக்கு, உங்கட கை அந்தக் கம்பியில, வாய் மைக்கில. எர்த் இல்லாம, உள்ளுக்க ஏதும் பழுது வந்தா அந்த வழியால கரண்ட் உங்களுக்குள்ளால போகும். மலிவான ஸ்ரெப் டவுன் கனக்கில வெளிய வாற பக்கம் ரெண்டு ஓட்டைதான், எர்த் இல்லை. ஜெர்மன் பிளக்குக்கு எர்த் பக்கவாட்டுத் தகட்டில, அதை எங்கட சாதாரண மல்ரி அடப்டரில செருகினா எர்த் தொடாது. கழட்டுற பவர் கோட் இருக்கிற 230 வோல்ற் அம்ப் எண்டா கொம்பியூட்டருக்குப் போடுற எர்த் உள்ள கோட்டே பெரும்பாலும் பொருந்தும், அடப்டரே தேவையில்லை. வீட்டு எர்த் கம்பியையும் எலக்ட்ரீசியனை வைச்சு அளப்பியுங்கோ, கச்சான் காத்தடிச்சு நிலம் காயுற மாசங்களில எர்த் பிடிக்கிறது குறையும். ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகுதெண்டு அதைக் கட்டி வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஸ்பீக்கர் கொழுவாம ரியூப் அம்பைப் போடக்கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர் போகும். அம்ப் இருக்கிற தலை தனி, ஸ்பீக்கர் இருக்கிற கெபினெற் தனி எண்டா ரெண்டிலயும் ஓம் அளவு பொருந்தோணும், 8 எண்டா 8, 16 எண்டா 16. கொழுவிறது ஸ்பீக்கர் வயரால, கிற்றார் கேபிளால இல்லை.

கப்பல்ல குலுங்கி வந்த அம்பில ரியூப் கழண்டிருக்கும், பிளக்கைக் கழட்டிப்போட்டு ஒவ்வொண்டையும் மெல்ல ஆட்டி சொக்கெற்றுக்குள்ள இறுக்குங்கோ. கண்ணாடியின்ர மேல வெள்ளி பூசினமாதிரி இருக்கிற இடம் பால் வெள்ளையா மாறியிருந்தா காத்துப் புகுந்திட்டுது, அந்த ரியூப் முடிஞ்சுது. உள்பெட்டியைத் திறக்காதேங்கோ, 400 வோல்ற்றுக்கு மேல ஓடுற இடம் அது, கழட்டி வைச்ச பிறகும் கப்பாசிற்றரில கரண்ட் நிக்கும்.

அம்பைப் போடேக்க ஸ்ராண்ட்பை எண்ட ரெண்டாவது சுவிச் இருந்தா முதல் பவர், ஒரு நிமிஷம் விட்டு ஸ்ராண்ட்பை. செம்மஞ்சளா உள்ள எரியிறது சரி, பெரிய ரியூப்பில நீலமா ஒரு மினுக்கம் தெரிஞ்சாலும் பயப்பிட வேண்டாம், ஆனா உள்ளுக்க இருக்கிற சாம்பல் தகடு சிவந்து பழுத்தா உடன நூர்த்திடுங்கோ.

இனி கிளீன். கிற்றார் வொலியூம் முழுக்க, பெடல் ஒண்டும் வேண்டாம், எதிரொலி தாற ரிவேர்ப் பூச்சியம், பேஸ் மிடில் ட்ரெபிள் மூண்டும் நடுவில. நடுவில வைச்சா எல்லாம் சமன் எண்டு கனபேர் நினைக்கினம், அப்பிடி இல்லை, கனக்க அம்பில மூண்டையும் நடுவில வைச்சாலும் நடுச் சத்தம் குழி விழுந்துதான் இருக்கும், ஏனெண்டா இந்த நொப்புகள் சத்தத்தைக் கூட்டிறேல்லை, வெட்டுறதை எவ்வளவு குறைக்கிறது எண்டுதான் பாக்குது. அதோட ஒண்டை ஒண்டு பாதிக்கும், ட்ரெபிளைக் கூட்டினா மிடில் நொப்பின்ர வேலை குறைஞ்சமாதிரிக் கேக்கும், அதால ஒரு நொப்பைப் பிடிச்சு பூச்சியத்தில இருந்து பத்து வரைக்கும் ஒரே கோர்ட்டை அடிச்சு அடிச்சு மெல்லக் கொண்டு போங்கோ, எந்த இடத்தில மாற்றம் துள்ளி வருது, எந்த இடத்துக்குப் பிறகு ஒண்டும் நடக்கேல்லை எண்டு பாருங்கோ, பிறகு அதை நடுவுக்குக் கொண்டுவந்து விட்டிட்டு அடுத்ததுக்குப் போங்கோ. இதுக்கு ஒரு முழுப் பின்னேரம் போனாலும் போகட்டும், அம்பின்ர குணம் முழுக்க இந்த வேலையிலதான் பிடிபடும். பிறகு வொலியூமை மெல்லக் கூட்டுங்கோ, ஒரு இடத்தில சத்தம் கூடுறது நிண்டு ஓரத்தில ஒரு கரகரப்பு வரத் தொடங்கும். அந்த இடத்தை மனசில வைச்சிருந்து கிற்றார் வொலியூமை ஏழுக்கு இறக்குங்கோ, திரும்பக் கிளீன் ஆகும். அந்த ஒரு இடத்திலயே உங்களிட்ட ரெண்டு சனல் இருக்கு.

கிரன்ச் சனலுக்கு வந்தா கெயினும் மாஸ்ரரும் ரெண்டு வேலை. கெயின் முன்பக்கச் சின்ன ரியூப்புகளை, 12ஏஎக்ஸ்7 எண்டுறதை, எவ்வளவு நெருக்கிறது எண்டது. மாஸ்ரர் அந்தச் சத்தத்தைப் பின்பக்கப் பெரிய ரியூப்புகளுக்கு எவ்வளவு விடுறது எண்டது. கெயின் குறைச்சு மாஸ்ரர் கூட்டி ஒருக்கா, கெயின் கூட்டி மாஸ்ரர் குறைச்சு ஒருக்கா, ஒரே சத்த அளவில ரெண்டையும் கேளுங்கோ. முதலாவதில விரல் அழுத்தம் தெரியும், ரெண்டாவதில எல்லாம் மழுங்கி ஒண்டாப் போகும்.

லீட் சனலில அதே சத்தம் இன்னும் ரெண்டொரு ரியூப் கட்டத்துக்குள்ளால கூடப் போகுது, அவ்வளவுதான். கெயினை நீங்க நினைக்கிறதை விடக் கொஞ்சம் குறைச்சு வையுங்கோ, பேஸைக் குறையுங்கோ, மிடிலை மட்டும் இறக்காதேங்கோ. வீட்டில தனியா வாசிக்கேக்க மிடில் இல்லாத சத்தம் பெருசா இனிமையா இருக்கும், கோயில் திருவிழா மேடையில கீபோர்ட்டும் ட்ரம்ஸும் பேஸும் சேர்ந்தவுடன உங்கட சோலோ எங்கயோ போயிடும்.

சனலுகளுக்கிடையில சத்தத்தைச் சமன் பண்ணுறதும் அப்பிடித்தான். மெல்லிய சத்தத்தில எங்கட காதுக்குப் பேஸும் ட்ரெபிளும் குறைவாக் கேக்கும், அறைக்குள்ள பண்ணின செற்றிங் வெளியில நிக்காது. சேர்ச்சிலயோ மேடையிலயோ எவ்வளவு சத்தத்தில வாசிப்பியளோ அதே சத்தத்தில கிளீனை முதல் வைச்சு, மற்றதுகளை அதுக்குப் பொருத்துங்கோ. மார்ஷல் டிஎஸ்எல்40சிஆர், ஃபென்டர் ஹொட் ரொட் டீலக்ஸ் மாதிரி அம்புகளில எல்லாச் சனலுக்கும் ஒரே பேஸ் மிடில் ட்ரெபிள்தான், அதில கிளீனுக்கும் லீட்டுக்கும் நடுவில ஒரு சமாதானம் தேட வேணும், நான் எண்டா கிளீனுக்கு வைச்சிட்டு லீட்டைக் கிற்றார் ரோன் நொப்பால சரிக்கட்டுவன். மார்ஷல் ஜேவிஎம்410 மாதிரியானதில நாலு சனலுக்கும் தனித்தனி நொப், அங்க அந்தக் கரைச்சல் இல்லை. 40 வாட்ஸை 20 ஆக்கிற சுவிச் இருந்தா அரைவாசிச் சத்தம் வரும் எண்டு எதிர்பாக்காதேங்கோ, 3 டெசிபல்தான் குறையும்.

அம்பை நிலத்தில வைச்சுக் கிட்ட நிண்டா சத்தம் உங்கட முழங்காலுக்குத்தான் போகும். 12 இஞ்சி ஸ்பீக்கர் ட்ரெபிளை நேர முன்னுக்கு அனுப்பும், நீங்க காணாதெண்டு கூட்டக் கூட்ட முன்வரிசையில இருக்கிற சனத்துக்குக் காது கிழியும். கொஞ்சம் உயர்த்தி, இல்லாட்டி முகத்தைப் பாக்கச் சரிச்சு வையுங்கோ. தகரக் கூரை அறை எண்டா விறாந்தைக்குக் கொண்டுவந்து கேட்டுப் பாருங்கோ, வேற அம்ப் மாதிரி இருக்கும்.

எக்கோ, டிலே பெடல் எல்லாம் பின்னால சென்ட், ரிற்றேண் எண்டு ரெண்டு ஜக் இருக்கிற லூப்பில, கரகரப்புத் தாற ட்ரைவ் பெடல் கிற்றாருக்கும் அம்புக்கும் நடுவில, முன்னுக்கு. லூப்பில இன்னொரு விஷயம், திடீரெண்டு சத்தம் விழுந்து விழுந்து வந்தா ரியூப்பைச் சந்தேகப்பட முதல் சென்டில இருந்து ரிற்றேணுக்கு ஒரு சின்னக் கேபிளைக் கொழுவிப் பாருங்கோ, சத்தம் விழாம ஒரே அளவில வந்தா அந்த ஜக்கில களிம்பு ஏறியிருக்கு, கொன்ராக்ற் கிளீனர் அடிச்சாச் சரி. புழுதியும் மாரி ஈரமும் மாறி மாறி வாற இடத்தில இது நடக்கிறதுதான். மணி அடிக்கிறமாதிரிக் கிணுங்கினா பென்சிலால சின்ன ரியூப்புகளை மெல்லத் தட்டுங்கோ, எது கூடச் சத்தம் போடுதோ அதை மாத்துங்கோ. சின்னதுகளை நீங்களே மாத்தலாம். இஎல்34, 6எல்6 மாதிரிப் பெரியதுகளைச் சோடியாத்தான் மாத்த வேணும், கன அம்பில பயஸும், அதான் அந்த ரியூப்புகளுக்குள்ள சும்மா ஓடுற கரண்ட் அளவும், பாக்க வேணும், அது தெரிஞ்ச ஆளின்ர வேலை.

சித்திரையிலயும் ஐப்பசி கார்த்திகையிலயும் பின்னேர இடி தொடங்கினா சுவிச்சை நூர்த்தாக் காணாது, பிளக்கைக் கழட்டுங்கோ. ஆறின பிறகு துணியால மூடுங்கோ, திறந்த முதுகு அம்பெண்டா பல்லியும் கரப்பானும் சூட்டுக்கு உள்ள போயிருக்கும். தகட்டில எழுதின அதே அளவு ஃபியூஸ் ரெண்டு, சின்ன ரியூப் ஒண்டு எப்பவும் கைவசம் இருக்கட்டும், பக்கத்துக் கடையில ஓடிப்போய் வாங்கிற சாமான் இல்லை, அம்ப் அனுப்புற ஆளிட்டயே சேர்த்துக் கேளுங்கோ. ஃபியூஸ் ஒருக்கா பறந்தா மாத்திப் பாருங்கோ, திரும்பவும் பறந்தா கூட அளவு போடவும் வேண்டாம், கம்பி சுத்தவும் வேண்டாம், கழட்டி வைச்சிட்டு ரியூப் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடுங்கோ.