இ1, டி1, எஸ்டிஎம்-1: பழைய லைனுக்கு ஈடாக எத்தனை எம்பிபிஎஸ் கேட்பது?

பழைய லீஸ்டு லைன் (நிறுவனம் தனக்கென்று வாடகைக்கு எடுக்கும் தனி இணைப்பு) ஒப்பந்தங்களில் "இ1 – 4, எஸ்டிஎம்-1 – 1" என்று லைன் வகையும் எண்ணிக்கையும் மட்டும்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு ஈதர்நெட் போடும்போது எத்தனை எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மில்லியன் பிட்) கேட்பது? வழக்கமான மாற்றுப் பட்டியல்கள் லைனின் மொத்த வேகத்தைச் சொல்வதோடு நின்றுவிடும். நமக்கு வேண்டியது அதில் டேட்டாவுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பது.

கணக்கை எப்போதும் 64-இலிருந்து தொடங்குங்கள். தொலைபேசிக் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64,000 பிட் ஆகும். ஒரு குரலுக்கான இந்த அடிப்படை அலகுதான் டிஎஸ்0. இந்தத் துறையில் கிலோ என்றால் 1,000, 1,024 அல்ல.

இ1 என்பது இப்படிப்பட்ட 32 டைம் ஸ்லாட். 32 × 64 = 2,048 கேபிபிஎஸ் (நொடிக்குக் கிலோபிட்). 2,048 என்றதும் "2 × 1,024 தானே" என்று தோன்றும், அது தற்செயல். அதை நம்பி மற்ற லைன்களையும் 1,024-ஆல் வகுத்தால் எல்லாக் கணக்கும் பிசகும்.

32 ஸ்லாட்டில் 0-வது ஒத்திசைவுக்குப் போய்விடும். குரலுக்குப் பயன்படுத்தினால் 16-வது சிக்னலிங்குக்குப் போகும்; பிஆர்ஐ (இ1 மேல் வரும் அலுவலகத் தொலைபேசி இணைப்பு) லைனில் 30 பேர்தான் ஒரே நேரத்தில் பேச முடியும் என்பது இதனால்தான். டேட்டாவுக்கு 31 ஸ்லாட்டும் கிடைக்கும்: 1,984 கேபிபிஎஸ். ரவுட்டர் 1984 என்று காட்டினால் புகார் கொடுக்கத் தேவையில்லை. ஒரு முனையில் 1–31 என்றும் மறுமுனையில் 16-ஐ விட்டுவிட்டும் கான்ஃபிகர் செய்திருந்தால் லைனில் அலாரம் இருக்காது, ஆனால் சிஆர்சி (டேட்டா சிதைந்ததைக் காட்டும் சரிபார்ப்பு) பிழைகள் குவியும், புரோட்டோகால் எழவே எழாது. கேபிளை மாற்றிப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

இந்தியாவிலும் இலங்கையிலும் இ1 முறைதான். ஒப்பந்தத்தில் 24 ஸ்லாட் கொண்ட டி1 வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்கக் கிளையின் காகிதமாக இருக்கும். 24 × 64 = 1,536; எல்லா ஸ்லாட்டும் ஒரு சுற்று வருவது ஒரு ஃப்ரேம், நொடிக்கு 8,000; ஃப்ரேமுக்கு ஒரு பிட் வீதம் 8 சேர்த்தால் 1,544 கேபிபிஎஸ். டேட்டாவுக்கு 1,536. ஏஎம்ஐ என்ற பழைய சிக்னல் கோடிங்கில் ஓடும் லைனில் ஸ்லாட்டுக்கு 56 கேபிபிஎஸ் மட்டுமே எடுத்திருந்தால் 1,344 தான்.

மேலே போகும்போது வெறும் பெருக்கல் உதவாது. இ3-இல் 16 இ1 இருக்கும், பெருக்கினால் 32.768, உண்மையில் 34.368 எம்பிபிஎஸ். ஒவ்வோர் இ1-இன் கடிகாரமும் சற்றே முன்பின்னாக ஓடும் என்பதால் இடையில் நிரப்புப் பிட்கள் போடுகிறார்கள். ஃப்ரேமை அடையாளம் காட்டும் பிட்களும் சேரும். டி3-யும் இப்படித்தான்: 28 டி1, 44.736 எம்பிபிஎஸ்.

எஸ்டிஎம் என்பது ஃபைபரில் ஓடும் பெரிய லைன் வகை; அதில் எஸ்டிஎம்-1-ஐ 4, 16 என்று பெருக்கினால் பிசகாது. எஸ்டிஎம்-1 ஃப்ரேம் 9 வரிசை, 270 பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பைட், நொடிக்கு 8,000 ஃப்ரேம். ஆக 155.52 எம்பிபிஎஸ். எஸ்டிஎம்-4 என்றால் 622.08, எஸ்டிஎம்-16 என்றால் 2,488.32. அமெரிக்காவில் இதே லைன்களுக்குத் தரும் ஓசி எண் இதைப்போல் மூன்று மடங்கு: எஸ்டிஎம்-1 தான் ஓசி-3.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 155.52-ஐ 2.048-ஆல் வகுத்து "75 இ1 போடலாம்" என்று எழுதுவார்கள். எஸ்டிஎம்-1-இல் 63 இ1 தான் போகும். டேட்டா மட்டும் என்றால் 260 பத்தி மிஞ்சும்: 149.76 எம்பிபிஎஸ். அதன் மேல் ஏடிஎம் (டேட்டாவைச் சிறு செல்களாக வெட்டி அனுப்பும் பழைய முறை) ஓடியிருந்தால் 53 பைட் செல்லில் 48 தான் நமக்கு, 135.6-க்கு இறங்கிவிடும்.

பைட்டுக்கு மாற்ற 8-ஆல் வகுக்கவும். 1,984 ÷ 8 = நொடிக்கு 248 கிலோபைட். விண்டோஸ் 1,024-ஆல் கணக்கிடுவதால் அதே வேகம் அங்கே 242 என்று தெரியும்.

இனி 4 இ1-க்கு ஈடு. 4 × 1.984 = 7.936 எம்பிபிஎஸ். ஆனால் பழைய லைனில் ஓடும் பிபிபி புரோட்டோகால் ஒரு பாக்கெட்டுக்கு 7 பைட் அளவுதான் கூட்டும். ஈதர்நெட் வயரில் இடைவெளியோடு சேர்த்து 38 பைட் கூட்டும். 1,500 பைட் பாக்கெட்டுகளுக்கு இது பொருட்டல்ல, 8.1 எம்பிபிஎஸ் போதும், 10 எடுத்தால் தாராளம். அதே லைன் முழுக்க ஜி.729 முறையில் சுருக்கிய குரல் ஓடினால் பாக்கெட் 60 பைட்தான். பிபிபியில் 67 பைட் இருந்தது ஈதர்நெட்டில் 98 ஆகும், தேவை 11.6 எம்பிபிஎஸ். 10 எம்பிபிஎஸ் வாங்கினால் பரபரப்பான நேரத்தில் குரல் விட்டுவிட்டுக் கேட்கும்.