வாகனப் பதிவுக் கட்டணத்தில் உள்ளூர்ப் போக்குவரத்து: வாஷிங்டன் மாநிலத்தின் அனுபவமும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கார் வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பித்து, மாதமும் ஆண்டும் அச்சிட்ட சிறு வில்லையை எண் பலகையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நகரங்களும், பல நகரங்களை உள்ளடக்கிய நிர்வாகப் பிரிவுகளான கவுன்டிகளும் தங்கள் எல்லைக்குள் போக்குவரத்து நல மாவட்டம் என்னும் தனி அமைப்பு ஒன்றை நிறுவி, இந்தப் புதுப்பிப்போடு சேர்த்து ஒரு கட்டணத்தை வசூலிக்க அங்கே சட்டம் இடம் தருகிறது. தொடக்கத்தில் 20 டாலர் வரை பொது வாக்கெடுப்பு இல்லாமலே விதிக்கலாம் என்றும், வாக்காளர்கள் ஒப்புக்கொண்டால் 100 டாலர் வரை போகலாம் என்றும் வரையறுத்தார்கள். மாநில உரிமத் துறையே பணத்தை வசூலித்துக் கொடுத்துவிடுவதால் தனியாக ஆள் வேண்டாம், அலுவலகம் வேண்டாம். சாலைப் பராமரிப்புக்கும் பேருந்துக்கும் பணம் தேடும் நகர மன்றங்கள் இந்த வழியை நாடுவதில் வியப்பில்லை.

ஆனால் இந்த எளிமையிலேயே ஆபத்தும் இருக்கிறது. விற்பனை வரி ஒவ்வொரு ரசீதிலும் சில காசுகளாகக் கரைந்து போகிறது. பதிவுக் கட்டணமோ ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே தாளில், இனம் இனமாகக் கூட்டப்பட்டு வீட்டுக்கு வருகிறது. வடிவமைப்பில் நேரும் சிறு பிழையும் அந்தத் தாளில் எல்லார் கண்ணிலும் படும்.

இதற்குப் பெரிய சான்று, சியாட்டில் வட்டாரத்தில் இலகு ரயில் அமைத்துவரும் சவுண்ட் டிரான்சிட் நிறுவனத்தின் வாகன வரி. இது நிலையான கட்டணம் அன்று, காரின் மதிப்பின் மேல் விழும் வரி. ஆனாலும் அதே புதுப்பிப்புத் தாளில்தான் வருகிறது. 2016 நவம்பரில் மூன்றாம் கட்டத் திட்டத்துக்கு வாக்காளர்கள் ஒப்புதல் தந்தபின், 0.3 விழுக்காடாக இருந்த இவ்வரி 1.1 விழுக்காடாக உயர்ந்தது. 30,000 டாலராக மதிப்பிடப்படும் காருக்கு 330 டாலர். விகிதத்தைக் காட்டிலும் மக்களை அதிகம் சினமூட்டியது மதிப்பைக் கணக்கிட்ட முறைதான். சந்தை விலையைப் பார்க்காமல், தயாரிப்பாளர் அறிவித்த விலையை எடுத்து, 1990களில் வகுத்த தேய்மானப் பட்டியலின்படி கழித்தார்கள். அந்தப் பட்டியலில் கார் மெதுவாகத்தான் மதிப்பிழக்கும்; தெருவில் அதைவிட வேகமாக இழக்கும். மாநிலச் சட்டமன்றம் 2006இலேயே உண்மைக்கு நெருக்கமான வேறு பட்டியலை ஏற்றிருந்தும், முன்பே வெளியிட்ட கடன் பத்திரங்களுக்கு இந்த வரியை ஈடாகக் காட்டியிருந்ததால், அக்கடன் தீரும் 2028 வரை பழைய பட்டியலையே பின்பற்ற வேண்டிய நிலை. தன் கார் என்ன விலை போகும் என்று இணையத்தில் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கும் ஒருவர், அரசின் தாளில் அதைவிடக் கூடுதலான மதிப்புக்கு வரி கேட்கப்படுவதைக் காணும்போது, ரயில் வேண்டும் என்று வாக்களித்தவராக இருந்தாலும் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். அந்த முறை செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. சட்டப்படி செல்லும் என்பது வேறு, நியாயமாகப் படுவது வேறு. கட்டணத்தை வடிவமைப்பவர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும்.

எல்லையைத் தவறாக வகுப்பது அடுத்த பிழை. 2014 ஏப்ரலில் சியாட்டிலை உள்ளடக்கிய கிங் கவுன்டி, பேருந்துக்கும் சாலைக்கும் 60 டாலர் வாகனக் கட்டணத்தையும் 0.1 விழுக்காடு விற்பனை வரியையும் முன்வைத்துத் தோற்றது. செப்டம்பரில் 28 பேருந்துத் தடங்கள் நிறுத்தப்பட்டன. அதே தொகைகளை அதே ஆண்டு நவம்பரில் சியாட்டில் நகரம் மட்டும் தன் வாக்காளர்களிடம் கேட்டபோது பத்தில் ஆறு பேருக்கு மேல் ஆதரித்தார்கள். பேருந்து அடிக்கடி வரும் தெருவில் இருப்பவரையும், மணிக்கு ஒரு பேருந்துகூட இல்லாத ஊரில் இருப்பவரையும் ஒரே வாக்குச்சீட்டில் கட்டிவைத்தால் இரண்டாமவர் மறுப்பார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணம் எதற்கு என்று சொல்லும் அளவும் முக்கியம். 2011இல் சியாட்டில் கேட்ட 60 டாலர், பொதுப் போக்குவரத்து, சாலை, நடைபாதை, மிதிவண்டி எனப் பல பக்கம் சிதறியிருந்தது, தோற்றது. 2014இல் கேட்டது முதன்மையாகப் பேருந்துச் சேவை நேரத்துக்கு, வென்றது. ஆனால் வாக்குறுதியை மிக இறுக்கமாகவும் எழுதிவிடக் கூடாது. பணம் இருந்தும் கூடுதல் பேருந்துகளை இயக்க முடியாத நிலை வந்தபோது, 2018இல் நகர மன்றம் விதிகளைத் திருத்தித்தான் பள்ளி மாணவர்களின் பயண அட்டைகளுக்கும் தடச் சீரமைப்புகளுக்கும் அத்தொகையைத் திருப்ப வேண்டியிருந்தது.

நாள்காட்டியை மறந்து வரவு எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. ஒப்புதல் கிடைத்து ஆறு மாதம் கழித்துத்தான் வசூல் தொடங்கலாம். அதன்பின்னும் புதுப்பிப்புகள் ஆண்டு முழுவதும் பரவியிருப்பதால், ஜூனில் வசூல் தொடங்கினால் மே மாதத்தில் புதுப்பித்தவர் அடுத்த மேயில்தான் முதன்முறையாகக் கட்டுவார். அதாவது வாக்கெடுப்பு நாளிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு சென்றபின்தான் முழு ஆண்டு வருவாய் கையில் சேரும். சம்பளமும் எரிபொருளும் அதுவரை காத்திருக்காது.

நிலையான கட்டணம் புதுக் காருக்கும் பதினைந்து ஆண்டுப் பழைய காருக்கும் ஒன்றுதான். சியாட்டிலில் 2014க்குப் பின், முன்பே இருந்த 20 டாலரும் புதிய 60 டாலரும் சேர்ந்து 80 டாலரானபோது, வருமானம் குறைந்தவர்களுக்கு 20 டாலர் திருப்பித் தரப்பட்டது, ஆனால் விண்ணப்பித்தால்தான். சலுகையைத் தாளிலேயே கழித்துக் காட்டுவதுதான் முறை என்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஒரு வருவாயை மட்டும் நம்பிச் சேவையை நடத்தக் கூடாது. டேப் எனப்படும் அந்த வில்லையின் கட்டணத்தை 30 டாலராகக் குறைக்கச் சொல்லி 1999, 2002, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மக்கள் முன்முயற்சித் தீர்மானங்கள், அதாவது குடிமக்களே கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தவை, மாநில அளவில் வென்றன. 2019இன் தீர்மானத்தை, பல பொருள்களை ஒன்றில் அடக்கியது, தலைப்பு வாக்காளரைத் திசைதிருப்பியது என்று கூறி மாநில உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் ரத்துசெய்தது. ஆனால் அந்த ஆண்டு இறுதியில் காலாவதியாகவிருந்த 60 டாலர் கட்டணத்தைப் புதுப்பிக்க வேண்டிய சியாட்டில், வழக்கின் முடிவு தெரியாத நிலையில், வாகனக் கட்டணத்தை விட்டுவிட்டு 0.15 விழுக்காடு விற்பனை வரியை மட்டும் வாக்குச்சீட்டில் ஏற்கெனவே வைத்துவிட்டது. ஐந்தில் நான்கு பேர் ஆதரித்து அது வென்றது. தீர்ப்பு சாதகமாக வந்தும், 60 டாலர் கட்டணம் டிசம்பரோடு முடிந்துபோனது.