நாய்வண்டிப் பந்தயம்: கடைசி 124 கிலோமீட்டருக்கு முன்

அலாஸ்காவின் இடிடாராட் பந்தயத்தில் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். வழியிலுள்ள வைட் மவுண்டன் என்ற நிறுத்தத்தில் 8 மணி நேரக் கட்டாய ஓய்வு. அங்கிருந்து நோமுக்குச் சுமார் 124 கிலோமீட்டர்தான் பாக்கி. கிளம்பிவிடத் தோன்றும். ஆனால் வண்டி நின்றதும் முதல் வேலை, நாய்களின் காலுறைகளைக் கழற்றுவதுதான். பட்டை இறுகிய உறையோடு படுத்தால் ரத்த ஓட்டம் தடைபட்டுப் பாதம் வீங்கும். விரல் இடுக்கில் ஒட்டிய பனிக்கட்டியை எடுத்துவிட்டு, வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக் களிம்பு போடுங்கள். அப்புறம் மணிக்கட்டு, தோள். லேசாக மடக்கும்போது காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் அங்கே வலி என்று அர்த்தம். வைக்கோல் விரித்து, இறைச்சி கலந்த வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள். வெறும் தண்ணீரைச் சில நாய்கள் முகர்ந்துகூடப் பார்க்காது. நொண்டும் நாயை, எவ்வளவு செல்லமானாலும் சரி, கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். எல்லாரும் சேர்ந்தே நோமைத் தொட வேண்டும் என்பது நம் ஆசை. நாய்க்கு அது தெரியாது. விதிப்படி எல்லைக்கோட்டில் 5 நாய்கள் இருந்தால் போதும். புது உறைகளைக் கிளம்புவதற்குச் சற்று முன்பு மாட்டுங்கள்.