பிக்மி பதிவுக்கு யார் போன் நம்பர் கொடுப்பது?

கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிக்மியில், அதாவது தமிழக அரசின் கர்ப்பிணிகள் பதிவுத் தளத்தில், பதிவு செய்வோம். அப்போது போன் நம்பர் கேட்பார்கள். பெரும்பாலும் கணவர் நம்பரைத்தான் கொடுக்கிறோம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போன பிறகு மெசேஜ் எல்லாம் அங்கே அவர் போனில் வந்து கிடக்கும். வேலை மும்முரத்தில் அவர் எங்கே பார்க்கப் போகிறார்!

அதனால் கர்ப்பிணி கையில் இருக்கும் நம்பரையே கொடுங்கள். ரீசார்ஜ் தீர்ந்து சிம் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு செய்ததும் கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கணவர், அம்மா இருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் அந்த எண் வேண்டும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து அதே வாட்ஸ்அப்பில் தேதி போட்டு வையுங்கள். செக்கப் நோட்டு காணாமல் போனாலும் டாக்டரிடம் காட்டலாம்.

மாத்திரைக்கு அலாரம் இரண்டாக வையுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. ஒன்று காலை, ஒன்று இரவு என்று டாக்டரிடம் கேட்டுப் பிரித்துக்கொள்ளலாம்.

ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, தாங்கமுடியாத தலைவலி, கண் மங்கல், வலிப்பு, குழந்தை அசைவு குறைவது, இவற்றுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு நீலக்குறி வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். உடனே 108. சாதாரண சந்தேகம் என்றால் 104 மருத்துவ ஆலோசனை எண் இருக்கிறது.

இன்னொன்று: “முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்று யாராவது கூப்பிட்டால் பேசாமல் கட் பண்ணிவிடுங்கள்.