ஸ்காட்லாந்து கிராமத்தில் வாடகை வீடா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள்

நர்ஸ் வேலைக்கோ முதியோர் இல்ல வேலைக்கோ ஸ்காட்லாந்து வந்திருக்கிற நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் வீடு பார்க்கும்போது வாடகை, பஸ் வசதி, ஹீட்டர் எல்லாம் கேட்கிறார்கள், தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. எடின்பரோ, கிளாஸ்கோ போன்ற நகரம் என்றால் கவலையில்லை, ஸ்காட்டிஷ் வாட்டர் என்கிற அரசு நிறுவனம் தருகிறது, குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். ஹைலேண்ட், அபர்டீன்ஷயர், ஆர்கைல், பெர்த்ஷயர் பக்கம் உள்கிராமத்துக்குப் போகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். அங்கே நிறைய வீடுகளுக்கு மலையடிவார ஊற்றிலிருந்தோ போர்வெல்லிலிருந்தோ ஓடையிலிருந்தோ சொந்தக் குழாய் போட்டுத்தான் தண்ணீர் வருகிறது. பிரைவேட் வாட்டர் சப்ளை என்பார்கள்.

குலசேகரம், திருவட்டாறு பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டு, சீரகமோ பதிமுகமோ போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தவர்கள் நாம். வீட்டுக்குப் போன் செய்து சொன்னாலும் "கிணத்து வெள்ளம்தானே மக்ளே, ஒண்ணும் செய்யாது" என்றுதான் பதில் வரும். ஊரில் நம் கிணற்றுக்கு நாமே பொறுப்பு, சோதித்தாயா என்று கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. இங்கே வாடகை வீட்டுக்குக் கணக்கு வேறு.

ஸ்காட்லாந்தில் 2017-இல் வந்த விதிகளின்படி, வாடகைக்கு விட்ட வீட்டின் பிரைவேட் சப்ளை, அது ஒரே ஒரு வீட்டுக்கானதாக இருந்தாலும், ஓட்டலுக்கும் பள்ளிக்கும் போகிற தண்ணீரைப் போலவே கண்காணிப்புக்குள் வருகிறது. உள்ளூர் கவுன்சில் (நம்ம ஊர் உள்ளாட்சி போல) ஆண்டுக்கு ஒரு முறையாவது மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். ஊற்று எங்கே இருக்கிறது, பக்கத்தில் மாடு ஆடு மேய்கிறதா, கழிவுத் தொட்டி எவ்வளவு தூரம், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து ஆபத்து மதிப்பீடு எழுத வேண்டும், ஐந்து ஆண்டுக்குள் அதை மறுபடி சரிபார்க்கவும் வேண்டும். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் "நாங்கள் முப்பது வருஷமாக இதைத்தான் குடிக்கிறோம், யாரும் சோதிக்கவில்லை" என்று சொன்னால் அது அவருக்கு உண்மை, உங்களுக்குப் பொருந்தாது.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஹவுஸ் ஓனரிடம் கடைசிச் சோதனை அறிக்கையும் ஆபத்து மதிப்பீடும் கேளுங்கள், ஈமெயிலில் கேளுங்கள். ஏற்கெனவே குடிவந்துவிட்டீர்களா? கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி) பில்லை எடுத்துப் பாருங்கள். பொதுக்குழாய்த் தண்ணீர் என்றால் அதற்கான கட்டணமும் அந்தப் பில்லிலேயே வரும். பில்லில் அந்தத் தண்ணீர்க் கட்டணம் இல்லையென்றால் பிரைவேட் சப்ளையாக இருக்கலாம், உடனே விசாரியுங்கள்.

அறிக்கை வந்தால் பார்க்க வேண்டியது நாலைந்துதான். சாணமோ மலமோ கலந்திருப்பதைக் காட்டுகிற இரண்டு கிருமிகள்: 100 மில்லிலிட்டரில் இ.கோலை பூஜ்யம், என்டரோகாக்கை பூஜ்யம். ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, நைட்ரேட் 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இதில் நம் ஆட்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், அதுவரை சரி. ஈயமும் நைட்ரேட்டும் கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்கு நைட்ரேட் கூடினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாய்கிற அளவுக்குப் போகலாம். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 1970-க்கு முந்திய வீடு என்றால் சிங்குக்கு அடியில் குனிந்து, தண்ணீர் உள்ளே வருகிற குழாயைப் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறத்தில், காசால் லேசாகச் சுரண்டினால் பளபளவென்று வெள்ளியாகத் தெரிந்தால் அது ஈயக் குழாய். மலைப்பக்கத்துத் தண்ணீர் மென்மையாகவும் கொஞ்சம் அமிலமாகவும் இருப்பதால் ஈயத்தை எளிதில் கரைக்கும்.

அதே சிங்குக்கு அடியிலோ ஷெட்டிலோ ஒரு நீளமான ஸ்டீல் குழல் இருந்தால் அது யூவி விளக்கு, புறஊதா ஒளியால் தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்வது. எரிகிறதா, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள், பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், எரிந்துகொண்டே இருந்தாலும் கிருமியைக் கொல்கிற சக்தி குறைந்துவிடும். கலங்கல் தண்ணீருக்குள் அந்த ஒளி போகாது, அதனால் விளக்குக்கு முன்னால் இருக்கிற ஃபில்டரும் சுத்தமாக இருக்க வேண்டும். பெருமழைக்கு அடுத்த நாள் குழாய்த் தண்ணீர் கட்டஞ்சாயா (பாலில்லாத டீ) நிறத்தில் வருவது இங்கே உண்டு. செடிகொடி மட்கி உண்டான கரி மண்ணின் நிறம்தான், ஆனால் மேய்ச்சல் நிலத்துச் சாணமும் அதே மழையோடுதான் இறங்குகிறது. இ.கோலை ஓ157 என்கிற வகை சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தையே பழுதாக்கும், அன்றைக்கு பாட்டில் தண்ணீர் வாங்குங்கள்.

ஓனர் பதில் சொல்லாவிட்டால் கவுன்சிலின் என்விரான்மென்டல் ஹெல்த் (சுற்றுச்சூழல் சுகாதாரம்) பிரிவுக்கு எழுதுங்கள். தண்ணீர் உடல்நலத்துக்கு ஆபத்து என்று தெரிந்தால், குடிப்பவர்களுக்குச் சொல்லவும் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தத் தடையோ கட்டுப்பாடோ விதிக்கவும், சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. குழாயும் தொட்டியும் பழுது என்றால் வீட்டுவசதித் தீர்ப்பாயத்துக்கும் போகலாம், தண்ணீர் வசதியை நல்ல நிலையில் வைத்திருப்பது ஓனரின் சட்டக் கடமை. 

வீட்டை ஏற்பாடு செய்தது வேலை கொடுத்தவரே என்பதால் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. தண்ணீரைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது விசா விதிமீறல் ஆகாது. கவுன்சில் வேறு, விசாவைப் பார்க்கிற ஹோம் ஆபீஸ் வேறு.

செலவைக் காட்டி ஓனர் தயங்கினால், இப்படிப்பட்ட சப்ளையை மேம்படுத்த மானியம் கிடைக்குமா என்று கவுன்சிலில் விசாரிக்கச் சொல்லிப்பாருங்கள். கவுன்சிலுக்கு எழுதும்போது முழு முகவரி, எந்தத் தேதியில் நிறமோ வாடையோ மாறியது, வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கிறார்களா, யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்ததா என்பதை எழுதி, கண்ணாடித் தம்ளரில் பிடித்த தண்ணீரின் போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள்.