மருத்துவத் தொழில்முனைவோரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

மருத்துவமனை நிறுவி அறப்பணியும் செய்த ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் பெரும்பாலும் விருதுப் பட்டியலில் தொடங்கிப் புகழுரையில் முடித்துவிடுகிறார்கள். விழா மலருக்கு அது போதும். ஆனால் இலவச சிகிச்சைக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதையே வாசகர் அறிய விரும்புவார். கட்டுரையும் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைய வேண்டும்.

முதல் வேலையாக, ஆண்டுவரிசையைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமியை எடுத்துக்கொண்டால், 1918இல் பிறப்பு, 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம், பின்பு ராணுவ மருத்துவப் பணி, 1973இல் பத்மஸ்ரீ, அரசுப் பணி ஓய்வையொட்டி 1976இல் 11 படுக்கைகளுடன் மருத்துவமனை, 2006இல் மறைவு என்று வரிசை அமையும். பத்மஸ்ரீ மருத்துவமனைக்கு முந்தியது என்பது தாளில் எழுதிப் பார்த்தால்தான் கண்ணில் படுகிறது. அப்படியானால் அவருடைய அரசுப் பணிக்காலம் வெறும் முன்னுரை அன்று. அதற்கும் தனி இடம் ஒதுக்க வேண்டும்.

சோதனைக் காலத்தை எழுதும்போது அடைமொழிகளைக் குறையுங்கள். மகப்பேறு மருத்துவராக விரும்பியவரை முடக்குவாதம் தாக்கியது, விரல்கள் கோணிப்போயின, அந்த விரல்களாலேயே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகிக் கண் மருத்துவரானார். இதற்கு மேல் 'தளராத தன்னம்பிக்கை' என்று எழுத வேண்டிய தேவையே இல்லை.

அதிக இடம் கொடுக்க வேண்டியது நிறுவனம் இயங்கும் முறைக்குத்தான். அரவிந்தில் கட்டணம் செலுத்தும் நோயாளிகளின் வருவாய், செலுத்த இயலாதவர்களின் சிகிச்சையையும் தாங்குகிறது. அதற்கு ஒவ்வொரு அறுவை சிகிச்சையின் செலவும் குறைய வேண்டும். ஒரு மேசையில் மருத்துவர் கண்புரையை அகற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர்கள் ஆயத்தப்படுத்திவிடுவதால், அவர் காத்திராமல் திரும்பி அடுத்த அறுவையைத் தொடங்க முடிகிறது. கண்புரையை அகற்றியபின் கண்ணுக்குள் பொருத்தும் உள்விழி லென்ஸை இறக்குமதி செய்வது விலை கட்டுப்படியாகாதபோது, 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே தயாரித்தார்கள். தொழில்திறனும் அறமும் இங்கே ஒரே கணக்கில் இருப்பதால், 'தொழில்', 'தொண்டு' என இரண்டு அத்தியாயங்களாக வெட்டுவது பிழையாகிவிடும்.

எல்லாரும் இப்படி இயங்குவதில்லை. சிலர் தொழிலில் ஈட்டிய செல்வத்தைத் தனி அறக்கட்டளைக்கு எழுதிவைக்கிறார்கள். அங்கே அவருடைய சொந்தப் பணம், நிறுவனத்தின் பணம், பிறர் தந்த நன்கொடை ஆகியவற்றைக் கட்டாயம் பிரித்துக் காட்ட வேண்டும். ஆண்டறிக்கையும் தணிக்கைக் கணக்கும் இதற்கு உதவும். வழக்கோ குற்றச்சாட்டோ இருந்தால் அதையும், அவர் தரப்பு விளக்கத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

தனி நாயகர் கதையாகவும் ஆக்கிவிடக் கூடாது. வெங்கடசாமியுடன் தங்கை டாக்டர் ஜி. நாச்சியாரும் அவருடைய கணவர் டாக்டர் பி. நம்பெருமாள்சாமியும் தொடக்கத்திலிருந்தே உழைத்தார்கள். குடும்பத்தாரிடம் பேசிய பிறகு, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரிடமும் பேசுங்கள். அன்றாட நடைமுறை அவர்களுக்குத்தான் நினைவிருக்கும்.

'லட்சக்கணக்கானோர் பயன்பெற்றனர்' என்ற வரி கிடைத்தால், அது அறுவை சிகிச்சையா புறநோயாளி வருகையா, ஓராண்டுக் கணக்கா தொடக்கம் முதலான கணக்கா, முழு இலவசமா சலுகைக் கட்டணமா என்று கேட்டுத் தெளியுங்கள். வெளியிடுமுன் எண்களையும் தேதிகளையும் மட்டும் நிறுவனத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கலாம். முழுக் கட்டுரையையும் அனுப்பினால், திருத்தம் என்ற பெயரில் புகழுரை திரும்பி வந்துவிடும்.